ஆட்சியோடு வந்த மொழிகள்

ஸ்பானிய மொழி 1492க்குப் பின் படைவீரர்களோடும் பாதிரியார்களோடும் அமெரிக்கக் கண்டங்களை அடைந்தபோதிலும், மறைபரப்புக்கு நாவாட்டில், கெச்சுவா முதலிய உள்ளூர் மொழிகளையே திருச்சபை நெடுங்காலம் பயன்படுத்தியது. அவற்றை ஒடுக்கி ஸ்பானியத்தை நிலைநிறுத்துமாறு மன்னர் மூன்றாம் கார்லோஸ் 1770இல் ஆணையிட்டார். ஆயினும் 19ஆம் நூற்றாண்டில் விடுதலை பெற்ற குடியரசுகள் பள்ளியையும் அலுவலகத்தையும் அம்மொழியிலேயே நடத்திய பிறகுதான் அது பெரும்பான்மையோரின் பேச்சாயிற்று. படையெடுப்பு மட்டுமே மொழியைப் பரப்பிவிடும் என்பது அரைகுறை உண்மையே.

அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி வட்டாரமாகிய வானம் பார்த்த சீமை இதற்கு மறுபக்கச் சான்று. 14ஆம் நூற்றாண்டில் விஜயநகரப் படைகள் மதுரையைக் கைப்பற்றிய பின்னும், 16ஆம் நூற்றாண்டில் நாயக்கர் ஆட்சி வேரூன்றிய பின்னும், படை அனுப்பும் கடமையோடு ஒரு தலைவருக்கு விடப்பட்ட நிலப்பகுதியாகிய பாளையம் என்னும் அமைப்பின் துணையோடு, தெலுங்கு பேசுவோர் பலர் தென் தமிழகத்து மானாவாரி நிலங்களில் குடியேறினர். ஆள்வோரின் மொழியாக இருந்தும் தெலுங்கு இங்கே ஊர்ப்பொதுமொழி ஆகவில்லை. வீட்டுக்குள் தெலுங்கு, சந்தையிலும் வயலிலும் தமிழ் என்ற இருமொழி வாழ்வே நிலைத்தது. அருப்புக்கோட்டையில் நெசவைத் தொழிலாகக் கொண்ட தேவாங்கர் வீட்டில் கன்னடம் பேசுவதும் இவ்வகையினதே. பிள்ளைகள் தமிழிலேயே எழுதப் படிக்கக் கற்பதால், இவ்வீட்டு மொழிகள் பெரும்பாலும் எழுத்தின்றிப் பேச்சாகவே தொடர்கின்றன.