கொல்லனைத் தடுத்த பூட்டு

2014-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், ஃபெடோரா 20 என்னும் லினக்ஸ் இயங்குதளத்தைத் தம் மேசைக் கணினிகளில் வைத்திருந்தவர்களுக்கு ஒரு விசித்திரமான சங்கடம் நேர்ந்தது. புதுப்பிப்புகளை நிறுவச் சொன்னால் மென்பொருள் தொகுப்புகள் ஒழுங்காக வந்து இறங்கின. ஆனால் ஒரு தொகுப்பு தன்னை நிலைப்படுத்திக்கொள்வதற்காகக் கடைசியில் ஓட்டும் சிறு கட்டளைத் துணுக்கு மாத்திரம், 127 என்ற பிழை எண்ணை உமிழ்ந்துவிட்டு நின்றுபோயிற்று. வட்டில் இடத்துக்குக் குறைவில்லை. கட்டளையிட்டவரோ கணினியில் சர்வாதிகாரம் படைத்த ‘ரூட்’. அவருக்கே அனுமதி இல்லையென்று சொன்னது எஸ்.இ.லினக்ஸ் என்ற காவல் ஏற்பாடு.

பழைய யூனிக்ஸ் மரபில், கோப்பின் சொந்தக்காரர் யார் என்பதைப் பார்த்தே அனுமதி வழங்கப்பட்டது. ரூட் ஆனவருக்கோ எந்தத் தடையும் கிடையாது. அப்படியானால் ரூட்டின் பெயரால் ஓடும் ஒரு நிரல் வஞ்சகர் கையில் சிக்கினால் முழு இராச்சியமும் அவர் வசமாகிவிடும் என்ற அபாயத்தை உத்தேசித்து, அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை இந்த ஏற்பாட்டை உருவாக்கி 2000 டிசம்பரில் மூலநிரலோடு வெளியிட்டது. ஒற்றறிவதையே தொழிலாகக் கொண்டவர்கள் செய்த பூட்டா என்று புருவம் நெரிப்பவர்கள் இன்றும் உண்டு. ஆயினும் அதன் உட்புறம் எவரும் பிரித்துப் பார்க்கும்படி திறந்தே கிடக்கிறது. 2003-இல் லினக்ஸ் கருவிலேயே அது இடம்பெற்றது. 2004-இல் வந்த ஃபெடோரா கோர் 3 முதல், கேளாமலே காவலில் அமர்ந்துவிட்டது.

அதன் நியதி எளியது. ஒவ்வொரு கோப்புக்கும், ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு முத்திரை உண்டு. எந்த முத்திரையுள்ள நிரல் எந்த முத்திரையுள்ள பொருளை என்ன செய்யலாம் என்று விதிநூலில் எழுதியிருக்கிறது. எழுதாதது எல்லாம் மறுப்பு. மறுத்தவுடன் பதிவேட்டில் ஒரு வரி விழும். மறுக்கப்பட்ட செயல், நிரலின் பெயர், அதன் முத்திரை, அது தொட முயன்ற பொருளின் முத்திரை ஆகிய யாவும் அந்த ஒரே வரியில் அடக்கம். பார்க்கக் கரடுமுரடாக இருந்தாலும், பொறுமையாகப் படிப்பவருக்கு அது பாதி வைத்தியத்தைச் சொல்லிவிடும். வீட்டு அடைவிலிருந்த ஒரு கோப்பை வலைச் சேவகனின் அடைவுக்கு ‘எம்.வி.’ கட்டளையால் நகர்த்தினால் பழைய முத்திரை கூடவே போகும், ‘சி.பி.’ கட்டளையால் நகலெடுத்தாலோ புது இடத்தின் முத்திரை ஏறும். பல மறுப்புகளுக்கு மூலகாரணம் இவ்வளவு அற்பமானதுதான். ‘ரெஸ்டோர்கான்’ என்ற கட்டளை அதைச் சரிசெய்துவிடும்.

தொகுப்பு மேலாளரின் சமாசாரம் வேறு. கணினியின் எந்த மூலையிலும் கைவைத்து, கோப்புகளுக்கு முத்திரையும் குத்த வேண்டிய நிரல் அது. போதாக்குறைக்கு, காவலரின் விதிநூலே ஒரு தொகுப்பாகத்தான் அதன் வழியே வந்து இறங்குகிறது. ஃபெடோரா 20-இல் நேர்ந்ததும் இதுவே. விதிநூலின் 3.12.1-116 என்ற பதிப்பில் பிழை புகுந்திருந்தது. அதை நிறுவும்போது யாதொரு குறையும் தென்படவில்லை. அதற்கு அடுத்த புதுப்பிப்பில்தான் துணுக்குகள் மறுக்கப்பட்டன. ஆகவே சோதித்தவர்களின் கண்ணுக்கும் அது தப்பியது. பிழை திருத்திய பதிப்பு வந்தது. அதுவும் ஒரு தொகுப்பாயிற்றே, அதன் துணுக்கையும் காவலர் தடுத்தார்! பூட்டைச் செப்பனிட வந்த கொல்லனைப் பூட்டே வெளியில் நிறுத்திய கதைதான். பரிகாரமாகச் சொல்லப்பட்டது இது: ‘செட்என்ஃபோர்ஸ் 0’ என்று தட்டிக் காவலைத் தற்காலிகமாகத் தளர்த்தி, விதிநூலைப் புதுப்பித்து, உடனே ‘செட்என்ஃபோர்ஸ் 1’ என்று பழைய நிலைக்குத் திருப்புவது, அரைகுறையாக நின்ற தொகுப்புகளைப் பிறகு மறுபடி நிறுவிக்கொள்வது.

இத்தகைய அனுபவத்துக்குப் பின் காவலையே நிரந்தரமாக அணைத்துவிடுகிறவர்களின் எரிச்சல் எனக்குப் புரிகிறது. அவர்களுடைய முடிவைத்தான் ஏற்க முடியவில்லை. தளர்த்திய நிலையில் காவலர் தடுக்காவிட்டாலும் குறிப்பெழுதிக்கொண்டிருப்பார், முத்திரைகளும் விழுந்துகொண்டிருக்கும். அணைத்த நிலையிலோ புதிய கோப்புகள் முத்திரையின்றியே பிறக்கின்றன. பின்னொருநாள் மனம் மாறினால் வட்டு முழுவதற்கும் திரும்ப முத்திரை குத்தியாக வேண்டும். நம் சட்டைப்பையிலுள்ள ஆண்ட்ராய்டு பேசியில் 2014-இல் வந்த 5.0 பதிப்பு முதல் இதே காவல் முழு அமலில் இருக்கிறது. அங்கே சாதாரணமாக எவரும் அதை அணைப்பதில்லை.

உங்கள் லினக்ஸ் கணினியில் இந்தக் காவல் எந்த நிலையில் இருக்கிறது என்று அறிய ‘கெட்என்ஃபோர்ஸ்’ என்று தட்டிப் பாருங்கள். ‘என்ஃபோர்சிங்’ என்று விடை வந்தால், அப்படியே இருக்கட்டும்.