மின்னஞ்சலுக்கும் முத்திரை வேண்டும்

கரந்தைத் தமிழ்ச் சங்கச் செப்பேடுகள் என வழங்கும் முதலாம் இராசேந்திர சோழனின் ஏடுகளைத் தஞ்சை மாவட்டத்தார் நன்கறிவர். துளையிட்ட ஏடுகளை வளையத்தில் கோத்து, அதன் பொருத்துவாயில் புலியும் இணைக்கயலும் வில்லும் பொறித்த முத்திரையைப் பதிப்பது சோழர் மரபு. அனுப்பியவர் யாரென்பதை முத்திரை சொல்லும். வளையத்தை அறுத்தாலன்றி ஓர் ஏட்டை உருவவோ செருகவோ இயலாது.

மின்னஞ்சலுக்கு இவ்விரு காப்பும் பிறவியிலேயே வாய்க்கவில்லை. 1982-இல் வகுக்கப்பெற்ற அதன் நெறிமுறைப்படி, அனுப்புநர் என்னுமிடத்தில் எவரும் எவர் பெயரையும் எழுதலாம். பொய்யர் பெருகவே மெய்யரும் ஐயத்திற்குள்ளாயினர்.

நம் பழைய மாணவர் ஒருவர் பாபநாசத்திற்கு அருகில் மாப்பிள்ளைச் சம்பாவும் கறுப்புக் கவுனியும் விற்கிறார். விலைப்பட்டியல் வேண்டிப் பெயர் பதிந்தோர்க்கே மடல் விடுத்தார். அவையோ ஸ்பேம் கூடையில் வீழ்ந்தன. நமக்கு வந்த படியை நோக்கியபோது காரணம் புலனாயிற்று. ஜிமெயில் முகவரியை அனுப்புநராக இட்டு, மடலை வேறொரு நிறுவனத்தின் கணினி வழியே விடுத்திருந்தார். பெயர் ஒருவருடையது, வண்டி வேறொருவருடையது!

இதற்கு மருந்து, சொந்தத் தளப்பெயர் பெற்று அதன் பதிவேட்டில் மூன்று குறிப்புகளை எழுதுதல். இத்தளத்தின் பெயரால் அஞ்சல் விடுக்க உரிமையுள்ள கணினிகள் இவை என்பது எஸ்.பி.எஃப். டி.கே.ஐ.எம். என்பதே நம் செப்பேட்டு வளையம்: மறைதிறவுகோலால் மடலில் ஒப்பமிடுவர், பதிவேட்டிலுள்ள பொதுத் திறவுகோலால் பெறுபவரின் கணினி சரிபார்க்கும், ஒப்பமிட்ட பகுதி வழியில் திருத்தப்பட்டிருப்பின் ஒப்பம் பொருந்தாது. கண்ணுக்குத் தெரியும் அனுப்புநர் பெயரோடு இவற்றுள் ஒன்றேனும் இயையாவிடில் மடலை என் செய்வது என்பதை டிமார்க் உரைக்கும். ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5000-க்கு மேல் மடல் விடுப்போர்க்கு இம்மூன்றையும் 2024 பிப்ரவரி முதல் கூகுள் கட்டாயமாக்கியது. ஒரே சொடுக்கில் விலகும் வழியும் வைத்தல் வேண்டும். வேண்டாமென்பாரை விடுவித்தலும் வணிக நாணயமே.

மற்றொரு குறை தமிழைப் பற்றியது. மாணவர் பழைய எழுத்துருவில் அச்சுக்கோத்து, மடல் முழுவதையும் ஒரே படமாக்கியிருந்தார். படங்களைத் தடுத்து வைத்திருப்போர்க்கு அது வெறுங்கட்டம். எழுத்தாகவே அனுப்பினாலோ, அவ்வெழுத்துரு இல்லாதார் திரையில் ஆங்கில எழுத்துச் சிதறலாய்த் தோன்றும். தமிழக அரசு 2010-இல் ஏற்ற ஒருங்குறியில் தட்டச்சிட்டு, யூ.டி.எஃப்.-8 குறியேற்றம் என மடலின் தலைப்பில் குறித்தால் இத்தொல்லை நீங்கும். படத்திற்கு மாற்றுரையும் எழுதுதல் நலம்.

அடுத்த அறுவடைக்குப்பின் வந்த மடல் நம் அஞ்சற்பெட்டியில் உரிய இடத்தில் இருந்தது. 'கறுப்பு' என்பதில் வல்லின றகரம் இடையின ரகரமாகியிருந்தது, திருத்தி எழுதினோம்.