கையொப்பமும் கணக்கும்: அலுவலர்களின் மின்னணுச் செலவும் பொதுப் பொறுப்புடைமையும் – பேராவூரணி வட்டாரக் கிராம ஊராட்சிகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

அரசு அலுவலர் ஒருவர் பொதுப் பணத்தை அட்டை வழியாகவோ டிஜிட்டல் கையொப்பம் வழியாகவோ செலவிடும்போது யாரிடம் கணக்குக் காட்டுகிறார் என்ற வினாவை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. காவிரிப் பாசனத்தின் கடைமடையான பேராவூரணி வட்டாரக் கிராம ஊராட்சிகளுக்குப் பொருந்தும் சட்ட ஏற்பாடுகளை மையமாக்கி, உத்திரமேரூர்க் கல்வெட்டும் சுவீடன், இங்கிலாந்து அனுபவங்களும் ஒப்புநோக்கப்படுகின்றன. மின்னணுப் பரிமாற்றம் பணம் சென்ற வழியைத் துல்லியமாகப் பதிவு செய்கிறது. அது எதற்காகச் சென்றது, வாங்கிய பொருள் வந்து சேர்ந்ததா என்பதை ஊரார் கேட்டறியும் வாய்ப்பு அந்த அளவுக்கு வளரவில்லை என்பதே கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: பொறுப்புடைமை, கிராம சபை, டிஜிட்டல் கையொப்பம், தகவல் அறியும் உரிமை, கடைமடை, பேராவூரணி

முன்னுரை

மேலைநாடுகள் பலவற்றில் சிறு கொள்முதல்களுக்காக அலுவலர் கையில் அரசின் பண அட்டை கொடுக்கப்படுகிறது. தமிழகக் கிராம ஊராட்சிகளில் அத்தகைய அட்டை வழக்கில் இல்லை. ஆனால், அட்டை செய்யும் வேலையை இங்கே டிஜிட்டல் கையொப்பம் செய்கிறது: உரியவர்கள் கணினியில் ஒப்பமிட்டவுடன் ஊராட்சியின் பணம் பெறுபவரின் வங்கிக் கணக்குக்குச் சென்றுவிடுகிறது. கருவி வேறானாலும் இரண்டிலும் எழும் வினா ஒன்றே.

தஞ்சாவூர் மாவட்டத்தின் தென்பகுதியிலுள்ள பேராவூரணி, காவிரி–மேட்டூர்த் திட்டத்தின் பகுதியாக வெட்டப்பட்ட கல்லணைக் கால்வாயின் பாசனப் பரப்பில் கடைமடையாக அமைந்தது. தலைமடையில் திறக்கப்பட்ட நீர் கடைசி வாய்க்கால்வரை வந்ததா என்று கேட்டுப் பழகிய ஊர்கள் இவை. நிதியைப் பற்றியும் அதே கேள்வி எழுவது இயல்பு.

கணக்குக் காட்டாமை என்னும் குற்றம்

முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறைக்காகப் பெரிதும் பேசப்படுபவை. அவற்றின் தகுதியிழப்பு விதிகள் அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுமுறை தேர்வுக்கு உரியவரல்லர். அவருடைய நெருங்கிய உறவினர்களும் அவ்வாறே விலக்கப்பட்டனர். பிறர் பொருளைக் கவர்ந்தவருக்கான விலக்கு தனியே சொல்லப்படுகிறது. இந்தப் பிரிப்பு முக்கியமானது. கையாடல் மெய்ப்பிக்கப்படும்வரை காத்திராமல், கணக்குக் காட்டாமையே ஒரு குற்றமாக நிறுத்தப்பட்டுள்ளது.

இதை மக்களாட்சியின் முன்னோடி என்று புகழ்வதில் எச்சரிக்கை வேண்டும். அது பிராமணர் ஊரின் சபை. குடவோலையில் பெயர் இடம்பெற நிலவுடைமையும் வேதக் கல்வியும் வேண்டியிருந்தன. கணக்கைக் கேட்கும் உரிமை ஊரில் சிலருக்கு மட்டுமே இருந்தது.

அட்டையும் பற்றுச்சீட்டும்

1995இல் சுவீடனின் துணைப் பிரதமராக இருந்த மோனா சாலின், அரசு அட்டையைச் சொந்தச் செலவுகளுக்குப் பயன்படுத்தியதை எக்ஸ்பிரசன் நாளிதழ் வெளிப்படுத்தியது. பட்டியலில் இருந்த இரண்டு டோப்ளரோன் சாக்லேட்டுகளின் பெயரே அவ்விவகாரத்துக்கு நிலைத்துவிட்டது. கட்சித் தலைமைக்கான போட்டியிலிருந்து விலகிய அவர் பதவியையும் துறந்தார். தொடங்கப்பட்ட குற்ற விசாரணை பின்னர் கைவிடப்பட்டது. சட்டத்தின் கண்ணில் குற்றமாக நிலைபெறாத ஒன்று பொதுமன்றத்தில் கணக்குக் கேட்கப்பட்டது என்பதே இங்கு நோக்கத்தக்கது. அரசு ஆவணங்களைக் காணும் உரிமையை 1766ஆம் ஆண்டிலேயே சட்டமாக்கிய நாட்டில் இது நிகழ்ந்தது தற்செயலன்று.

இங்கிலாந்தில் உள்ளாட்சிகளுக்கான 2015ஆம் ஆண்டு வெளிப்படைத்தன்மை நெறித்தொகுப்பு, கொள்முதல் அட்டையின் ஒவ்வொரு செலவையும் காலாண்டுதோறும் வெளியிடக் கோருகிறது. நாள், தொகை, பணம் பெற்றவர் ஆகியவற்றுடன் செலவின் நோக்கமும் சுருக்கமாகச் சொல்லப்பட வேண்டும். வெளியீடு மட்டுமே கட்டுப்பாடு ஆகிவிடாது. நடுவண் அரசுத் துறைகளில் புழங்கிய சுமார் 20,000 அட்டைகளில் பெரும்பாலானவற்றை முடக்க அந்நாட்டு அரசே 2025 மார்ச்சில் முடிவெடுக்க நேர்ந்தது. ஆயினும் ‘எதற்காக’ என்னும் அந்த ஒரு கட்டம் தமிழக ஊராட்சிக் கணக்கோடு ஒப்பிடத்தக்கது.

காசோலையிலிருந்து கணினித் திரைக்கு

1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 188ஆம் பிரிவு, கிராம ஊராட்சி நிதிக்கான காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் கூட்டாக ஒப்பமிட வேண்டும் என்கிறது. இரு கையொப்ப ஏற்பாடு வெறும் வங்கி நடைமுறையன்று. தலைவரோடு முரண்படும் துணைத் தலைவர் ஒப்பமிட மறுக்கும்போது ஊரில் பேச்சு எழும். செலவு வெளிச்சத்துக்கு வரும். பணிகள் தேங்கும் என்பதும் உண்மையே.

2020 ஏப்ரல் 24ஆம் நாள் ஒன்றிய அரசு தொடங்கிய இ-கிராம் ஸ்வராஜ் தளம், பொது நிதி மேலாண்மை அமைப்போடு இணைக்கப்பட்ட பின்னர் நிதிக்குழு மானியச் செலவுகள் டிஜிட்டல் கையொப்பத்தின் வழியே நடைபெறுகின்றன. தேதி, திட்டத்தின் பெயர், தொகை ஆகியவற்றை எவரும் இணையத்தில் காணலாம். பழைய செலவுச்சீட்டுக் கட்டுகளோடு ஒப்பிட இது பெரிய முன்னேற்றம். தேதியை முன்தேதியிட்டு மாற்றுவது இனி எளிதன்று. ஆனால், கையொப்பச் சாவியும் கடவுச்சொல்லும் உரியவரிடமிருந்து கணினி இயக்குபவரிடம் சென்றுவிட்டால், இரண்டு ஒப்பமும் ஒரே மேசையில் விழுந்துவிடும். காசோலையில் கையெழுத்தைப் பார்த்து ஐயுறலாம்; திரையில் அந்த வாய்ப்பு இல்லை.

கரைந்துபோகும் செலவுகள்

ஊராட்சியின் அன்றாடச் செலவில் தெருவிளக்கு, பிளீச்சிங் பவுடர், மின்மோட்டார் பழுது, குழாய் உடைப்பு போன்றவை ஓயாமல் வருபவை. அட்டை வழங்கும் நாடுகளில் அட்டைக்குரியவை எனக் கருதப்படும் சிறு கொள்முதல்கள் பெரும்பாலும் இவற்றை ஒத்தவையே. இவற்றின் தன்மை, பயன்பாட்டிலேயே தடயம் அழிந்துபோவது. தூவிய பவுடரை ஆறு மாதம் கழித்து வரும் தணிக்கையாளர் எடைபோட முடியாது. அவர் பார்ப்பது செலவுச்சீட்டையும் இருப்புப் பதிவேட்டையும். இரண்டும் ஒத்துப்போனால் தணிக்கைத் தடை எழாது. பொருள் வந்ததா என்பதை அறிந்தவர்கள் அந்தத் தெருவில் குடியிருப்பவர்கள்.

தூர்வாருதல் இதன் பெரிய வடிவம். மேட்டூர் அணை திறப்பதற்குரிய மரபான நாள் ஜூன் 12. அதற்குமுன் வாய்க்கால் வறண்டு கிடக்கும். எத்தனை அடி ஆழம் மண் எடுக்கப்பட்டது என்று அளந்து பார்க்கலாம். தண்ணீர் வந்தபின் அளவுப் புத்தகத்தில் எழுதப்பட்டதே அளவு. கடைமடையில் நீர் ஏறாதபோதுதான் ஐயம் எழுகிறது. அப்போது மெய்ப்பிக்கச் சான்று எதுவும் இராது.

தேர்ந்தெடுக்கப்பட்டோர் இல்லாத காலம்

2019 டிசம்பரில் தேர்தல் நடந்த தஞ்சாவூர் உள்ளிட்ட மாவட்டங்களில் ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் நாள் முடிவுற்றது. அதன்பின் கிராம ஊராட்சிகள் தனி அலுவலர்களின் பொறுப்பில் விடப்பட்டன. 2016க்குப் பிறகும் ஏறத்தாழ மூன்றாண்டுகள் இந்நிலையே நீடித்தது. தலைவர், துணைத் தலைவர் இருவருமே இல்லாத இத்தகைய காலங்களில், செலவுக்கு ஒப்புதல் அளிப்பதும் கிராம சபையில் கணக்கை முன்வைப்பதும் அலுவலர் தரப்பின் வேலையாகின்றன. இடமாற்றமாகிச் செல்லும் அலுவலரை அடுத்த தேர்தலில் ஊரார் தோற்கடிக்க இயலாது. எனவே தனி அலுவலர் காலத்தில் கிராம சபை வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கேள்வி கேட்கும் இடமாக வேண்டும். வரவு செலவு மொத்தத் தொகையாக வாசிக்கப்பட்டு முடிவதில் அது நடக்காது.

கேட்கும் உரிமையின் இன்றைய அளவு

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் 4(1)(b) பிரிவு நிதி ஒதுக்கீடு, பணப் பட்டுவாடா பற்றிய அறிக்கைகளை யாரும் கேளாமலே வெளியிடப் பணிக்கிறது. 8(1)(j) பிரிவு, பொதுச் செயல்பாட்டோடு தொடர்பில்லாத தனிநபர் தகவலுக்கு மட்டுமே விலக்கு அளித்திருந்தது. 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3) பிரிவு அந்த வரையறையை நீக்கி, தனிநபர் தகவல் அனைத்துக்கும் விலக்கை விரித்தது; 2025 நவம்பரில் இது நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தக்காரர் பெயரும் அலுவலர் பெயரும் உள்ள செலவுச்சீட்டைத் தனிநபர் தகவல் என்று மறுக்க இனி இடமுண்டு. பொதுநலன் மேலோங்கினால் தகவலைத் தரலாம் என்னும் 8(2) பிரிவு எஞ்சியுள்ளது. அதை மெய்ப்பிக்கும் சுமை நடைமுறையில் கேட்பவர்மீதே விழுகிறது.

அதே சட்டத்தின் 2(j) பிரிவு அதிகம் பயன்படுத்தப்படாத ஒன்று. ஆவணத்தை மட்டுமன்றி, பணியை நேரில் பார்வையிடுவதும் பொருளின் சான்றிட்ட மாதிரியைப் பெறுவதும் அதில் உரிமையாகச் சொல்லப்பட்டுள்ளன. ஆண்டுக்கு ஆறு கிராம சபைகளில் மார்ச் 22, மே 1 ஆகிய இரண்டும் வாய்க்கால் வறண்டிருக்கும் காலத்தில் வருபவை. மார்ச் 22 கூட்டத்துக்கு மறுநாள் விண்ணப்பித்தால், 30 நாள் கெடுவுக்குள் தூர்வாரும் பணியின் மதிப்பீட்டுப் படி மே 1 கூட்டத்துக்குமுன் கைக்கு வந்துவிட வேண்டும். அதன்பின் ஜூன் 12 வரை ஆறு வாரங்கள் இருக்கின்றன. அளவுநாடாவோடு வாய்க்காலில் இறங்கிப் பார்க்க அது போதும்.