நோயைக் கடந்து வந்தவரே துணை: மனநல சக ஆதரவாளர் பயிற்சியில் என்ன கற்றுத் தருகிறார்கள்?

2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6. ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கொட்டகையில் அதிகாலையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் உயிரிழந்தனர்.

இன்று 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், நோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று தடை செய்கிறது. இரும்புச் சங்கிலியைச் சட்டம் தடுக்கலாம். ஆனால் "வெளியே தெரிந்தால் பிள்ளைக்குச் சம்பந்தம் வராது", "ஈமான் குறைவால் வந்தது" என்று நாமே போட்டு வைத்திருக்கும் பூட்டை யார் திறப்பது?

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். மருத்துவர் மாதம் ஒருமுறை சில நிமிடங்கள் பார்ப்பார். உம்மாவும் வாப்பாவும் பயந்து போயிருப்பார்கள். மாத்திரையால் வரும் தூக்கக் கலக்கத்தை வீட்டில் சோம்பல் என்பார்கள். அந்த நேரத்தில், "எனக்கும் இப்படித்தான் இருந்தது, மீண்டு வந்தேன்" என்று சொல்ல ஒருவர் கிடைத்தால்?

யார் இந்த சக ஆதரவாளர்?

ஆங்கிலத்தில் 'பியர் சப்போர்ட் ஒர்க்கர்' என்பார்கள். மனநோயைத் தானே அனுபவித்து, மீண்டு, அதன் பிறகு பயிற்சி பெற்று, அதே நிலையில் உள்ள இன்னொருவருக்குத் துணை நிற்பவர். இவர் மருத்துவர் அல்லர். நோயைக் கண்டறிய மாட்டார், மாத்திரையைக் கூட்டவோ நிறுத்தவோ சொல்ல மாட்டார். படிப்பைவிட அனுபவமே இவருக்கு முதல் தகுதி. ஆனால் அனுபவம் மட்டும் போதாது என்பதால்தான் பயிற்சி.

அமெரிக்காவின் மெடிகெய்டு திட்டம் 2007இல் இப்பணிக்கு வழிகாட்டுதல் வெளியிட்டபோது மூன்று நிபந்தனைகளை வைத்தது: பயிற்சியும் சான்றிதழும் வேண்டும், தகுதியான ஒருவரின் மேற்பார்வை வேண்டும், மற்ற சிகிச்சைகளோடு ஒருங்கிணைப்பு வேண்டும். உலக சுகாதார நிறுவனமும் 2019இல் இதற்கென வழிகாட்டிக் கையேடு வெளியிட்டது. உகாண்டாவின் கம்பாலாவிலும் நம் நாட்டின் அகமதாபாத்திலும் மனநல மருத்துவமனைகளில் இவர்கள் பணிபுரிந்துள்ளனர்.

பயிற்சியில் என்ன இருக்கிறது?

முதலாவது, காது கொடுத்துக் கேட்பது. "எனக்கு வாழவே பிடிக்கவில்லை" என்று ஒருவர் சொன்னதும், "அப்படிச் சொல்லாதே, சபூர் செய்" என்று வாயை அடைப்பது நம் பழக்கம். "எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது?" என்று கேட்கப் பழக்குகிறார்கள்.

இரண்டாவது, தன் கதையைச் சொல்வது. எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்லக்கூடாது, எங்கே நிறுத்த வேண்டும் என்பதே பாடம். எதிரில் இருப்பவருக்கு நம்பிக்கை தருவதற்காகத்தான் அந்தக் கதை. நம் பாரத்தை அவர் மேல் இறக்கி வைப்பதற்காக அல்ல.

மூன்றாவது, ரகசியம். ஒருவர் நம்பிச் சொன்னது அமானிதம். எல்லோரும் உறவினராக இருக்கும் சிறிய மஹல்லாவில் இது மிகக் கடினமான பாடம். ஆனால் உயிருக்கு ஆபத்து என்றால் ரகசியம் என்று மறைக்கக்கூடாது. உடனே மேற்பார்வையாளரிடமும் மருத்துவரிடமும் சொல்ல வேண்டும். இந்த எல்லையை முதல் சந்திப்பிலேயே அவரிடம் சொல்லிவிட வேண்டும்.

நான்காவது, தன்னைக் காத்துக்கொள்வது. பிறர் துயரைக் கேட்கக் கேட்கப் பழைய நோய் தலைதூக்கலாம். தூக்கம் குறைவது, எரிச்சல் கூடுவது போன்ற தன் அறிகுறிகளை முன்கூட்டியே எழுதி வைத்து, அவை வந்தால் வேலையை நிறுத்திவிட்டு உதவி தேடக் கற்பிக்கிறார்கள்.

சேருவதற்கு முன்

மூன்று கேள்விகளை உங்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். சில காலமாக நிலையாக இருக்கிறேனா? என் நோய் பற்றி வெளியே தெரிவதை நானும் என் குடும்பமும் தாங்குவோமா? சோர்ந்தால் யாரிடம் போவேன்? இரண்டாவது கேள்விக்கு "இல்லை" என்பது பதிலானால், அது கோழைத்தனம் அல்ல. திருமணப் பேச்சு, வேலை என்று நிஜமான இழப்புகள் இருக்கின்றன. காத்திருக்கலாம். பயிற்சி தரும் இடத்திடமும் ஒன்று கேளுங்கள்: பயிற்சிக்குப் பிறகு மேற்பார்வை உண்டா? இல்லை என்றால் சேர வேண்டாம்.

ஜமாஅத் என்ன செய்யலாம்?

ஓதிப் பார்க்க வருபவரிடம் "மருத்துவரையும் பாருங்கள், மாத்திரையை விட்டுவிடாதீர்கள்" என்று ஹஜ்ரத் ஒரு வார்த்தை சொன்னால், அதற்கு வீட்டில் தனி மதிப்பு உண்டு. நோய்க்கு மருந்து தேடுவது தவக்குலுக்கு முரணானது அல்ல. பெண்கள் மனம்விட்டுப் பேச, பயிற்சி பெற்ற பெண்கள் வேண்டும். அதற்கு முன்வரும் சகோதரியைப் "பைத்தியம் பிடித்திருந்தவள்" என்று யாரும் குத்திக் காட்டாதபடி காப்பது நிர்வாகத்தின் பொறுப்பு.

உடனடி உதவி தேவைப்படுவோர் மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. உங்கள் வீட்டில் ஒருவர் அறைக்குள் முடங்கிக் கிடந்தால், இன்றே அந்த எண்ணை எழுதி வையுங்கள்.