மூட்டை அடுக்கும் இயந்திரம் வாங்குமுன்

மணிக்கு எத்தனை மூட்டை அடுக்கும் என்றுதான் நம்மவர்கள் முதலில் கேட்கிறோம். நானும் அப்படித்தான் கேட்டேன். எனக்குச் சரக்கு தரும் மாவு மில்லில் அந்த இயந்திரம் பண்டிகைச் சமயத்தில் மூன்று நாள் நின்றுபோனது. கடைக்காரர்களுக்குப் பதில் சொல்லி மாளவில்லை.

காரணம் வெறும் மாவுத் தூசி! பேரிங்கில் கிரீசோடு கலந்து அரைத்துவிட்டது. மூட்டை வருவதைப் பார்க்கும் சென்சார் கண்ணையும் மூடிவிட்டது. மாற்றுப் பேரிங் வெளியூரிலிருந்து வர வேண்டியதாயிற்று.

ஆகவே தூசி புகாதபடி மூடிய பேரிங் உண்டா, உதிரி பாகம் உள்ளூரில் கிடைக்குமா என்று கேளுங்கள். 50 கிலோ மூட்டை 20 ஏற்றினாலே பலகையில் ஒரு டன். மோட்டாரும் சங்கிலியும் அதற்கு மேலும் தாங்க வேண்டும். முழுத் திறனில் நாள் முழுக்க ஓடும் மோட்டார் சூடேறிச் சீக்கிரம் கெடும்.

காற்றடைத்து உப்பிய மூட்டையை, தூக்குமுன் உருளை அழுத்திச் சமப்படுத்த வேண்டும். இல்லையேல் அட்டி சாயும். செங்கல் கட்டுவதுபோல் வரிசைக்கு வரிசை திசை மாற்றி அடுக்குவதும் இதற்காகத்தான். சணல் சாக்கு ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், பிளாஸ்டிக் சாக்கு வழுக்கும். பலகையில் ஒரு சட்டம் உடைந்திருந்தாலும் இயந்திரம் சிக்கிக்கொள்ளும்.

எங்கள் கிடங்கில் இன்னும் ஆட்கள்தான் அட்டி போடுகிறார்கள். இயந்திரம் வந்தால் அவர்களில் இருவரை அதைத் துடைக்கவும் கிரீஸ் வைக்கவும் பழக்குவதாக இருக்கிறேன். எந்த மூட்டை சரியும் என்பது அவர்களுக்குத் தொட்டாலே தெரியும்.