கழுத்தில் அடிபட்டவரை ஏன் உடனே தூக்கக்கூடாது?

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் மோட்டார் சைக்கிள் சறுக்கி ஒருவர் விழுகிறார். தூக்கி உட்காரவைக்கத்தானே உங்கள் கை போகும்? பொறுங்கள்.

கேம்பல் லேன் கடைகளில் அடுக்கிவைத்த வளையல்களை நினைத்துக்கொள்ளுங்கள். கழுத்தில் அப்படி 7 எலும்புகள். நடுத்துளை வழியே தண்டுவடம் இறங்குகிறது. ஒரு வளையல் உடைந்து நகர்ந்தால்? உள்ளே இருப்பது நசுங்கும். விழுந்தபோது தப்பிய தண்டுவடம், நாம் தூக்கும்போது சிதையலாம்.

கை கால்களுக்கான கட்டளைகள் இந்தத் தண்டுவடம் வழியேதான் போகின்றன; மூச்சை இயக்கும் உதரவிதானத்துக்கான நரம்பும் கழுத்திலிருந்தே கிளம்புகிறது. மேல்கழுத்தில் தண்டுவடம் அறுந்தால் மூச்சே நின்றுவிடும்.

முதலில் ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழையுங்கள். தலையைக் கிடந்த நிலையிலேயே இரு கைகளாலும் அசையாமல் பிடியுங்கள். மூச்சு தடைபடாதவரை ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம்; தண்ணீரும் கொடுக்க வேண்டாம் (நம் ஆட்களுக்கு இதுதான் கஷ்டம்!).

மூச்சே இல்லையா? அப்போது கழுத்தைவிட உயிர் முதலில். மல்லாக்கப் படுக்கவைத்து நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். 995-இல் பேசுபவர் வழி சொல்வார்.