சூரியன் மகனுக்கு வேடம் கட்டுகிறார்கள்!

சேலம், நாமக்கல் பக்கத்துக் கிராமங்களில் 'கர்ண மோட்சம்' கூத்து என்றால் விடிய விடியக் கூட்டம் இருக்கும்.

பகலில் காடு உழுதவர், இரவில் சூரியன் மகன் ஆகவேண்டும். முகத்தில் அரிதாரம் பூசுகிறார். கண்ணாடித் துண்டு பதித்த மரக் கிரீடம் வைக்கிறார். தோளில் புஜக்கட்டை. காலில் சலங்கை.

இரண்டு பேர் திரை பிடிக்கிறார்கள். "நீர் யார்?" என்று கேட்கிறான், கட்டியக்காரன்.

"கர்ண மகாராஜா!"

குந்தி பெற்றாள், ஆற்றில் விட்டாள், தேரோட்டி வளர்த்தான். கவசம், குண்டலத்தோடு பிறந்து என்ன பயன்? தேரோட்டி மகன் என்று மனைவி பொன்னுருவியே ஏசுகிறாள்! பாவம், கவசத்தையும் இந்திரன் யாசித்து வாங்கிவிட்டான். 17-ம் நாள் போரில் கர்ணன் விழுகிறான்.

சில ஊர்களில் இறந்தவர் காரியத்துக்கும் இந்தக் கூத்து வைப்பது உண்டு. செத்தவருக்கும் மோட்சம் கிடைக்கும் என்பது நம்பிக்கை.

விடிந்ததும் எண்ணெய் தேய்த்து அரிதாரத்தை அழிக்கிறார்கள். அடுத்த ஊருக்குப் பெட்டி கட்டவேண்டுமே!